மீதி எடை எங்கே

ஏனுங்க தம்பி, பேனா இருக்குதுங்களா? நீலமா, கருப்பா? நீலம்னா செரி. கருப்புல எழுதினா இது நகல்னு சொல்லித் தள்ளிப்போடுவாங்க.

எழுதிப்போட்டுத் தந்தர்றேன், பயப்படாதீங்க. மூடியை நீங்களே வெச்சுக்குங்க. மூடி உங்க கையில இருந்தா பேனா எங்கயும் போகாது. நான் யாரு பேனாவுக்கும் ஆசைப்பட்டவன் இல்லீங்க. ஆனா என்னைய நீங்க நம்பணும்னு கட்டாயம் ஒண்ணும் இல்ல பாருங்க. நானா இருந்தா நம்ப மாட்டேன்.

அந்தப் போனை மட்டும் கொஞ்சம் குப்புற வெச்சுக்குங்க. நீங்க படம் எடுக்கறீங்கன்னு சொல்லல. இப்பல்லாம் தானாவே எடுக்குதாமே. இந்த சைபர் கிரைம் ஆபீசு வாசல்லயே உக்காந்துக்கிட்டு நாம ஏமாறக்கூடாதுல்லீங்க.

பேரு, விலாசம் எழுதியாச்சு. எதிரி பேரு, அதுவும் எழுதியாச்சு. நடுவுல ஒரு கட்டம் இருக்குது, இழந்த பொருள்னு. அதைப் பொறவு பாத்துக்கலாம். உள்ள போன ஆளு இப்போதைக்கு வர்ற மாதிரித் தெரியல. உங்க முறையும் எனக்குப் பின்னாலதான். அதுக்குள்ள விசயத்தைச் சொல்லிப்போடறேன், நீங்களே ஞாயஞ் சொல்லுங்க.

என்ற பேரு சென்னியப்பன். மஞ்ச ஏலம் நடக்குற ஒழுங்குமுறைக் கூடம் தெரியுமில்லீங்க, அங்க முப்பத்தோரு வருசம் எடை போட்டேன். காக்கிச் சட்டை, நெஞ்சுல நெம்பர் போட்ட பித்தளைப் பில்லை, காலையில எட்டு மணிக்கு எடை மேடையில நின்னா பொழுது எறங்கற வரைக்கும் மூட்டை மேல மூட்டை. ஒருத்தன் கால் பெருவெரலை மட்டும் மேடையில ஊணுவான், ஒரு கிலோ ஏறிக்கும். ஒருத்தன் சாக்க நனைச்சுக் கொண்டாருவான். ஒருத்தன் விரலி மஞ்சளுக்கு நடுவுல கல்லை வெச்சுத் தெச்சிருப்பான், தெச்ச நூலப் பாத்தே சொல்லிருவேன். முப்பத்தோரு வருசத்துல என்னைய யாரும் ஏமாத்தினதில்லீங்க. நான் அதுக்கு எடங்குடுத்ததில்ல.

எங்கூட்டம்மாவே சொல்லுவா, நீங்க சாமி கும்பிடறப்பக்கூட ஒரு கண்ணைத் தொறந்து வெச்சுக்குவீங்கன்னு. ஆமா, வெச்சுக்குவேன். செருப்பு வெளியிலதானுங்களே கெடக்குது.

அவ பேரு மயிலாத்தா. எங்கூர்ப் பொண்ணுங்க பள்ளிக்கூடத்துல தையல் டீச்சர். போன வருசம் சித்திரையில போய்ச் சேந்துட்டா. இல்லீங்க, நோவுன்னு பெருசா ஒண்ணுமில்ல. படுத்தா, எந்திரிக்கல. அதை விடுங்க. அது இந்தப் புகார்ல வராது.

புகார் என்னன்னா படம். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இந்த வருசம் நூறு வயசு. அதுக்கு ஒரு வெப்சைட்டு போடறாங்களாம். அங்க வேல பாத்த டீச்சருங்க படமெல்லாம் அதுல வருமாம். எனக்கொரு காயிதம் வந்துச்சு. படம் நூறு கேபிக்குள்ள இருக்கணும், முகம் தெளிவா இருக்கணும், தரம் கொறயக்கூடாதுன்னு. ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்றாங்க பாத்துக்குங்க. எடை கொறயணும், தரம் கொறயக்கூடாது. மஞ்ச வாங்க வர்ற யாவாரி பேசற பேச்சே இதுதானுங்க. அப்பவே எனக்குச் செரியாப் படல.

அவளுக்குப் படமே கெடையாதுங்க. கேமராவைக் கண்டா முந்தானைய இழுத்து மூஞ்சியத் தொடைக்கிறேன்னு மறைச்சுக்குவா. கல்யாணப் படத்துல தலையக் குனிஞ்சிருக்கா, வகிடுதான் தெரியும். இருந்தது ஒண்ணே ஒண்ணு. அவ ரிடையர் ஆன அன்னைக்கு, படிச்சுப்போட்டுப் போன புள்ள ஒண்ணு பெரிய கேமராவோட வந்து, இவளுக்குத் தெரியாம தையல் ரூம் வாசல்ல நின்னு எடுத்திருக்குது. மிசின் முன்னால உக்காந்திருக்கா. கழுத்துல இஞ்சு டேப்பு. துணியில இருந்து அப்பத்தான் தலையத் தூக்கி யாரையோ பாத்துச் சிரிக்கிறா. அதை ஒரு பென் டிரைவுல போட்டு அந்தப் புள்ள குடுத்துட்டுப் போச்சு. பேரக்கூடக் கேட்டு வெக்கல. பென் டிரைவு பீரோவுல, பீரோச் சாவி என்ற அரைஞாண்ல.

திருப்பூர்ல இருக்கற எங்க மக கேட்டா, அப்பா எனக்கொண்ணு அனுப்புங்கன்னு. மாட்டேன்னுட்டேன். அனுப்பினா அது அவகிட்ட மட்டுமா போகும்? அவ போன்ல இருந்து மாப்பிள்ளை போனு, அங்கிருந்து எங்கயோ. பேப்பர்ல பாக்கறமில்லீங்க, ஒருத்தர் மூஞ்சிய இன்னொருத்தர் ஒடம்புல ஒட்டறானுங்க. பாக்கணும்னா நேர்ல வந்து பாத்துக்க சாமின்னேன். ஒரு தடவ வந்தா. பொறவு கேக்கல.

செரி, பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கணுமே. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால யமுனான்னு ஒரு அம்மணி கம்ப்யூட்டர் சென்டர் வெச்சிருக்குது. முப்பது வயசு இருக்கும். பட்டா எடுக்க, பரீச்சைக்கு எழுதிப்போட, ரேசன் கார்டுல பேரு சேக்க, எல்லாத்துக்கும் ஊரே அங்கதான் போகுது. ஊரே நம்புது. ஊரே நம்பற ஆளக் கண்டா எனக்கு ஆகாதுங்க. நம்பிக்கை வராமயா ஒருத்தன் ஏமாத்துவான்?

போன ஒடனே சொல்லிப்போட்டேன், என்ற கண்ணு முன்னாலதான் வேலை நடக்கணும்னு. நாற்காலிய இழுத்து அந்த அம்மணி தோளுக்குப் பின்னாலயே உக்காந்துக்கிட்டேன். பென் டிரைவச் சொருகினதும் டக்கு டக்குன்னு என்னென்னமோ தட்டுச்சு. அப்பவே அது என்னன்னு கேட்டிருக்கணும். கேக்கல. அங்கதானுங்க நான் அசந்துட்டேன்.

"ஐயா, இது ஏழு எம்பிக்கு மேல இருக்குதுங்க. இப்படியே ஏத்த முடியாது. கொறச்சுத் தர்றேன்"னு சொல்லுச்சு.

ஏழு எம்பின்னா எத்தனை கேபின்னு கேட்டேன். ஏழாயிரத்துக்கு மேலன்னுச்சு. அதை ஒரு சீட்டுல குறிச்சுக்கிட்டேன். பாருங்க, இதுதான் அந்தச் சீட்டு. தேதி போட்டிருக்கேன்.

மொதல்ல அகலத்தக் கொறச்சுது. படத்துல குறுக்கால ஆறாயிரம் புள்ளி இருக்குதாம், வெப்சைட்டுல காட்டறது அறுநூறுதானாம். பொறவு ஒரு கோடு வந்துச்சு, கோட்டுல ஒரு பொத்தான். அதை நூறுல இருந்து கீழ இழுத்துச்சு. ஐம்பதுக்கு இழுத்து, "இங்க பாருங்கய்யா, இவ்வளவு கொறச்சா கன்னத்துல கட்டம் விழுகுது, முடியெல்லாம் கொழம்புது. எம்பதுலயே நிறுத்திக்கலாம். கண்ணுக்குத் தெரியாததத்தான் கழிக்கிறேன்"னு சொல்லுச்சு.

கண்ணுக்குத் தெரியாததத்தான் கழிக்கிறாங்களாம். எங்கிட்டயே. அந்தப் பெருவெரல்காரனும் கண்ணுக்குத் தெரியாமத்தானுங்களே ஊணுவான்.

கடைசியில எத்தனை கேபின்னேன். தொண்ணூறுன்னுச்சு. ஏழாயிரத்துல தொண்ணூறு. குறிச்சுக்கிட்டேன். அம்மணி, மீதி எங்கன்னேன்.

சிரிச்சுதுங்க. சிரிக்கற விசயமா? அப்பறம் எனக்கே பாடம் சொல்லுது. "ஐயா, நீங்க மஞ்சக் கூடத்துல இருந்தவிங்க. பச்ச மஞ்சள வேகவெச்சுக் காயவெச்சா அஞ்சுல ஒரு பங்குதான் நிக்குது. அதுக்காக மஞ்ச திருட்டுப்போச்சுன்னு சொல்லுவீங்களா?"

சொல்ல மாட்டேன். ஏன்னா அது ஆவியாப் போகுது. மஞ்ச வேகறப்ப ஊரெல்லாம் வாசம் அடிக்குது. இங்க ஒரு வாசமும் வரலியே. ஆறாயிரத்துச் சொச்சம் கேபி ஒரு சத்தமில்லாம, ஒரு வாசமில்லாம எங்க போகும்? அந்தப் பொட்டிக்குள்ளதான இருக்கணும்?

அதனால சொன்னனுங்க, உன்ற கம்ப்யூட்டர்ல இருக்கறத அழி, என்ற கண்ணு முன்னால அழின்னு. அழிச்சுது. குப்பைத் தொட்டி மாதிரி ஒண்ணு இருக்குதில்லீங்க, அதையும் அழிக்கச் சொன்னேன். அழிச்சுது. அப்பறம் பென் டிரைவப் பாத்தா, ஒரே பேருல ரெண்டு கெடக்குது, பெருசு ஒண்ணு, சிறுசு ஒண்ணு. ஒரு சரக்குக்கு ரெண்டு எடைச்சீட்டு இருந்தா அங்க களவாணித்தனம் இருக்குதுன்னு அர்த்தம். எங்க கூடத்துல அப்பிடித்தான். வெப்சைட்டு ஏத்துக்கறது சிறுசுதான், அப்ப பெருசு கழிவுதான், அதை அழின்னேன்.

அந்த அம்மணி கீபோர்டுல இருந்து கையெடுத்துப்போட்டுதுங்க. "வேண்டாங்கய்யா, அசல் இருக்கட்டும். அசல் இருந்தா எத்தன தடவ வேணும்னாலும் சிறுசு பண்ணிக்கலாம். சிறுசுல இருந்து பெருசு பண்ண முடியாது." ஒருக்காச் சொல்லல, மூணு தடவ சொல்லுச்சு. என்ற படம், என்ற பென் டிரைவு, அதுல இருக்கட்டும் இருக்கட்டும்னு இவளுக்கென்ன அவ்வளவு அக்கறை? மூணாந்தடவ சொன்னப்பத்தான் எனக்கு நிச்சயமாச்சு, இதுல என்னமோ இருக்குதுன்னு. எந்த பட்டன்னு கேட்டு, என்ற வெரலாலயே அமுக்கி அழிச்சுப்போட்டேன்.

நீங்க ஏனுங்க அப்பிடிப் பாக்கறீங்க? நான் ஏமாறலீங்க. கேளுங்க.

படம் வெப்சைட்டுல வந்துச்சு. பள்ளிக்கூடத்துல கூப்புட்டுக் காட்டுனாங்க. நல்லாத்தான் இருந்துச்சு, அதையும் சொல்லணுமில்ல. சின்னதா, தெளிவா, சிரிச்ச மொகமா. அதுல கொறை சொல்ல முடியாது. அப்பறம் வருசத் தெவசம் வந்துச்சு. செவுத்துல மாட்ட ஒரு பெரிய படம் போடலாம்னு ஈரோட்டுல ஒரு ஸ்டூடியோவுக்குப் பென் டிரைவ எடுத்துக்கிட்டுப் போனனுங்க. அவன் போட்டுக் குடுத்தான். பிரிச்சுப் பாத்தா அவ மொகமே இல்லீங்க. கட்டம் கட்டமா, சேறு பூசுன மாதிரி. கண்ணு இருக்கற எடத்துல ரெண்டு கருப்பு. சிரிப்பு எங்கன்னே தெரியல. ஸ்டூடியோக்காரன், "பெரியவரே, இதுல சரக்கு இல்லீங்க, தொண்ணூறு கேபிதான் இருக்குது, அசலக் கொண்டாங்க"ன்னான்.

அந்தப் படத்தைச் சுருட்டிக்கிட்டு பஸ்ல வந்தேன் பாருங்க, அதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. அவ செத்த அன்னைக்குக்கூட நான் அழுகல. பெருந்துறை தாண்டறதுக்குள்ள அழுதுட்டேன். பக்கத்துல உக்காந்திருந்த ஆளு தண்ணி பாட்டல நீட்டுனான். வாங்கல. தண்ணியில என்ன கலந்திருக்குதோ.

நேரா யமுனாகிட்டத்தான் போனேன். கடையில நாலஞ்சு பேரு இருந்தாங்க. இருந்தா என்ன? என்ற பொண்டாட்டி கண்ணைத் திருடிப்போட்டயே, எடுத்த ஆறாயிரத்தக் குடுன்னு கேட்டேன். சத்தமாத்தான் கேட்டேன். அந்த அம்மணி எல்லாத்தையும் வெளிய அனுப்பிப்போட்டு, கதவச் சாத்துச்சு. அப்பறம் மேசைக்கு அடியில இருந்து ஒரு சின்ன டப்பா மாதிரி ஒண்ணை எடுத்துச்சு.

"ஐயா, என்னைய மன்னிச்சுக்கோணும். யாரு படம் வந்தாலும் மொத வேலையா அசல இந்த டிஸ்க்குல போட்டு வெச்சுருவேன். அப்பறம் நகல் எடுத்து அதுலதான் வேலை செய்வேன், அசல்ல கை வெக்கறதில்ல. அன்னைக்கு நீங்க கம்ப்யூட்டர்ல அழிக்கச் சொன்னது நகலைத்தான். இதையும் சொல்லி அழிச்சிருக்கணும். கை வரலீங்க."

ஏன் வரலைன்னேன்.

"எங்கப்பாவுக்கு ரேசன் கார்டுல நகத்தளவு ஒரு படம் இருக்குது. அவ்வளவுதான் இருக்குது. அதைப் பெருசு பண்ணி பண்ணிப் பாத்துட்டேனுங்கய்யா"ன்னு சொல்லுச்சு.

இப்பிடிக் கதை சொன்னா மனசு எளகிரும்னு நெனைக்குது. எளகலீங்க. கவனிங்க தம்பி, இதுதான் புகாரு. அழிச்சேன்னு சொல்லி அழிக்கல. நான் பக்கத்துல உக்காந்திருக்கறப்பவே, என்ற கண்ணு முன்னாலயே, ஏழாயிரம் கேபிய எடுத்து ஒளிச்சு வெச்சிருக்குது. பத்து மாசமா. நான் மொதல்லயே சந்தேகப்பட்டேனா இல்லியா? என்ற சந்தேகம் செரியாப் போச்சா இல்லியா? அதைச் சொல்லுங்க மொதல்ல.

அப்பறம் அந்தப் படத்தத் தொறந்து காட்டுச்சு. தொறந்து, மொகத்தக் கிட்டக் கொண்டாந்துச்சு. இருந்தாளுங்க. எல்லாம் இருந்துச்சு. மூக்குத்திக்குப் பக்கத்துல அம்மைத் தழும்பு ஒண்ணு, அதைக்கூட நான் மறந்தே போயிருந்தேன்.

"பாருங்கய்யா, ஒண்ணும் போகல"ன்னு சொல்லிக்கிட்டே கீழ நகத்துச்சு. கை, வளையல், ஊசி, ஊசிக்கு அடியில துணி. வெப்சைட்டுல பாக்கறப்ப அது ஏதோ பழுப்பாத் தெரியும், புள்ளைங்க பாவாடையோ என்னமோன்னு இருந்தேன். பெருசாப் பாத்தா, அது காக்கிங்க. பை கிழிஞ்ச காக்கி. பைக்கு மேல பில்லை குத்துற எடத்துல ரெண்டு ஓட்டை. ஓரத்துல மஞ்சக் கறை.

என்ற சட்டைங்க அது.

ஒண்ணு சொல்றேன், நீங்க தப்பா நெனைக்கக்கூடாது. அவ தெனமும் பள்ளிக்கூடம் விட்டு அரை மணி நேரம் பிந்தித்தான் வருவா. கேட்டா மிசினுக்கு எண்ணெய் போட்டேன்பா. இருபத்தாறு வருசமா ஒரு மிசினு எண்ணெய் குடிக்குமாங்க? எனக்கு நம்பிக்கை வரல. ஒருக்கா லீவு போட்டுப்போட்டு பள்ளிக்கூடத்துக்கு எதுத்தாப்புல டீக்கடையில நின்னு பாத்தேன். யாரும் வரல, யாரும் போகல. மிசின் ஓடற சத்தம் மட்டும் கேட்டுச்சு. கேட்டுச்சு, ஆனா மனசு ஒத்துக்கல. அன்னையில இருந்து அவ வந்ததும் மணி பாப்பேன். வாயத் தொறந்து கேக்க மாட்டேன், மணிய மட்டும் பாப்பேன். அவளுக்குத் தெரியும் நான் பாக்கறது.

ஊட்டுல மிசின் கெடையாதுங்க. ஒண்ணு வாங்கலாம்னு அவ கேட்டப்ப, நாளெல்லாம் மெதிக்கறது பத்தாதான்னு வேண்டாம்னுட்டேன். மூட்டையோட மல்லுக்கட்டறவன் சட்டை வாரம் ஒருக்காக் கிழியும். நான் போட்டுக்கறப்ப கிழிசல் இருந்ததே இல்ல. அது எப்பிடின்னு அத்தன வருசத்துல நான் ஒரு நாளும் கேக்கல பாருங்க. எல்லாத்தையும் கேட்டவன் அதை மட்டும் கேக்கல. கடைசி நாளு, இனி அந்த மிசின் கெடைக்காதுன்னு, மிச்சமிருந்த கிழிசலத் தெச்சு முடிச்சிருக்கா. அப்பத்தான் அந்தப் புள்ள கூப்புட்டிருக்கும், தலையத் தூக்கியிருக்கா.

அந்த அம்மணி பென் டிரைவக் குடுங்க, போட்டுத் தர்றேன்னு கைய நீட்டுச்சு. உன்ற கையால ஒண்ணும் வேண்டாம், உன்னைய உள்ள வெக்காம விடமாட்டேன்னு சொல்லிப்போட்டு எந்திரிச்சேன். அப்பவும் ஒரு காயிதத்துல அதைப் பிரிண்டு எடுத்து எங்கிட்டக் குடுத்துச்சு. சாட்சிக்கு ஆகும்னு வாங்கிக்கிட்டேன்.

இந்தா பாருங்க. ஓரத்தப் புடிங்க, நடுவுல கை வெக்காதீங்க. தெரியுதுங்களா தழும்பு? தெரியுதில்ல? செரி, குடுங்க. போதும்.

இப்ப இந்தக் கட்டம். இழந்த பொருள். நானும் காத்தால இருந்து யோசிக்கறேன். மொகம்னு எழுதலாம்னா மொகம் இருக்குது. கண்ணுன்னு எழுதலாம்னா கண்ணு இருக்குது. ஏழாயிரத்துல ஒரு கேபி கொறயல, நான் எண்ணச் சொல்லிக் கேட்டுக்கிட்டேன். கீழ இன்னொரு கட்டம், கோரிக்கைன்னு. அங்க இருக்கற போலீஸ்காரம்மாகிட்டக் கேட்டேன். "அந்தப் படத்தை அவங்ககிட்ட இருந்து அழிக்கணும்னு எழுதுங்கய்யா, நாங்க போய் அழிச்சிருவோம்"னு சொன்னாங்க. நல்லா அழிச்சிருவீங்களான்னேன். சுத்தமா அழிச்சிருவோம்னாங்க.

இந்தாங்க பேனா, இதை மட்டும் நீங்க எழுதுங்க. எழுதுங்க, அந்தப் படத்தை.

இருங்க. எழுதாதீங்க.

அந்தப் புகார்க் காயிதத்தக் குடுங்க இங்க. பேனாவ வெச்சுக்குங்க, மூடி போட்டுக்குங்க, செரியா இருக்குதான்னு பாத்துக்குங்க. உள்ள கூப்புட்டா நீங்க போங்க. நான் ஏன் போனேன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லிருங்க.

பஸ் ஸ்டாண்டுல பென் டிரைவு விப்பாங்களா? ரெண்டு வேணும். ஒண்ணு எனக்கு, ஒண்ணு எங்க மகளுக்கு. அந்த அம்மணி கடையச் சாத்தறதுக்குள்ள போயிரணும். ரெண்டுலயும் படத்தப் போட்டு வாங்கிக்கிட்டு, வர்றப்ப கண்டிசனாச் சொல்லிப்போட்டு வரணும், உங்கிட்ட இருக்கறத இப்பவே அழிச்சுப்போடுன்னு.

அப்பிடிச் சொன்னாத்தானுங்க வெச்சிருக்கும்.